ஒரு சிரட்டை, ஐந்து ஸ்க்ரூ, ஒரு ஏர் ஃபில்டர்

வடசேரியில் வீடு. ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு செங்கல் சுடுகிற சேம்பரில் கணக்கு எழுதுகிற வேலை. போக வர தினமும் 30 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன். இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஆனி ஆடியில் காலையில் போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

அதனால்தான் வண்டி இழுக்கவில்லை என்று முதலில் தோன்றியபோது நான் காற்றின் மேல் பழியைப் போட்டேன். தோவாளை தாண்டும்போது நாலாவது கியரில் திணறும், மூன்றுக்கு இறக்குவேன், "ஆடிக் காத்துல்லா" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆவணி போனது. புரட்டாசியில் காற்று அடங்கியது. வண்டி மட்டும் அப்படியே திணறியது.

சரி, அளந்து பார்ப்போம் என்று டேங்கை வாய் வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் ஓட்டி, அதே பங்கில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்பினேன். லிட்டருக்கு 46. இதே ரோட்டில், இதே ஆள் ஓட்டி, முன்பு 58 கிடைத்த வண்டி. 2016இல் வாங்கிய 125 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்து கொடுக்கிற காலத்து வண்டி. வயதாகிவிட்டது என்று விடலாம்தான். ஆனால் 12 கிலோமீட்டர் ஒரே வருஷத்தில் வயதால் குறையாது.

ஒரு வொர்க்ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டர் கழுவினார்கள், செயினுக்கு எண்ணெய் விட்டார்கள். பில்லில் கடைசி வரியில் "ஏர் ஃபில்டர் க்ளீனிங்" என்று ஐம்பது ரூபாயும் இருந்தது. ஒரு வாரம் நன்றாக ஓடியது மாதிரி இருந்தது. பத்தாம் நாள் பழைய கதை.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு இடது பக்க சைடு கவரைக் கழற்றினேன். என் வண்டியில் ஏர் ஃபில்டர் அங்கே இருக்கிறது. சில வண்டிகளில் சீட்டைத் தூக்க வேண்டும், சிலவற்றில் வலது பக்கம். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும், அதைப் பார்த்துவிடுவது நல்லது. கவருக்குப் பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதன் மூடியில் ஐந்து ஸ்க்ரூ. அந்த ஐந்து ஸ்க்ரூவின் தலையிலும் செம்மண் அப்பி இறுகிக் கிடந்தது. இரண்டுக்கு நடுவில் ஒரு சிலந்தி, வலை கட்டிக் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எதை க்ளீன் பண்ணினார்கள் என்று அந்தச் சிலந்தியைத்தான் கேட்க வேண்டும்.

கோபத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகியதுதான் முதல் தப்பு. வீட்டில் இருந்தது ஃபேன் ரெகுலேட்டர் கழற்றுகிற சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். தலைக்குள் முழுதாக உட்காராமல் வழுக்கிச் சுற்றி, ஒரு ஸ்க்ரூவின் வெட்டை மழுக்கிவிட்டது. குழிக்குள் இருக்கும் மண்ணை முதலில் ஒரு ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, குழியை நிரப்புகிற சரியான அளவு ஸ்டார் முனையை வைத்து, திருகுவதைவிட அதிகமாக உள்ளே அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். முக்கால் பலம் அழுத்துவதற்கு, கால் பலம் திருகுவதற்கு. மழுங்கிய அந்த ஒன்றைக் கடைசியில் மூக்கு பிளையரால் தலையின் ஓரத்தைக் கவ்விச் சுற்றி எடுத்தேன். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வண்டி நிற்கிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். உப்புக் காற்றில் துருப்பிடித்து ஸ்க்ரூ பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போய்விடும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு வைத்தால் வேலை பாதி முடிந்தது.

இரண்டாவது தப்பு, பெட்டியின் வெளியைத் துடைக்காமல் திறந்தது. மூடியை இழுத்ததும் விளிம்பில் இருந்த மண் எல்லாம் உள்ளே கொட்டியது. எதைத் தடுக்க அந்தப் பெட்டி இருக்கிறதோ அதை நானே கையால் அள்ளி உள்ளே போட்டேன். இப்போதெல்லாம் முதலில் பழைய பெயிண்ட் பிரஷ், அப்புறம் ஈரத்துணி, அப்புறம்தான் ஸ்க்ரூ.

ஃபில்டரை வெளியே எடுத்தபோது, அதன் மடிப்புகளே தெரியவில்லை. செங்கல் நிறத்தில் ஒரு பலகை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விரலால் கோடு போட்டுப் பார்த்து, "அப்பா, இது உங்க சேம்பர்ல சுட்டதா?" என்றாள்.

அப்போதுதான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுகிற புத்தி எங்கே போகும். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் மாற்றினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. நான் ஒரு நாளில் எரிப்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது குறைந்தது நாலரை ஆயிரம் லிட்டர் காற்று. வீட்டு மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் நாலரை, அத்தனையும் சேம்பர் வாசலில் லாரி கிளப்பும் தூசியோடு, ஒவ்வொரு நாளும் ஒரு புத்தக அளவு காகிதத்தின் வழியாகப் போகிறது. அதை நான் எத்தனை வருஷமாக மாற்றவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். மூன்று. இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். புத்தகத்தில் போட்டிருந்தது 16,000. அதுவும் கூடவே சின்ன எழுத்தில், தூசியான இடத்தில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் என்று.

மைலேஜ் ஏன் குறைகிறது என்பதும் அப்போது புரிந்தது. காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய சோக் இழுப்போம். சோக் செய்வது காற்றின் வழியை அடைப்பது. காற்று குறைந்தால் பெட்ரோலின் பங்கு கூடும். அடைத்துப்போன ஃபில்டரும் அதையேதான் செய்கிறது, நாள் முழுதும் கொஞ்சம் சோக் இழுத்துவைத்தே ஓட்டுவது மாதிரி. வொர்க்ஷாப்பில் மாற்றிய புது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பத்து நாளில் முனை கரிபிடித்து, அடுப்புச் சட்டியின் அடி மாதிரி உலர்ந்த கறுப்பாக இருந்தது. சாதாரணமாக அது வெளிர் தவிட்டு நிறத்தில் இருக்க வேண்டும்.

இது கார்புரேட்டர் வண்டியின் கதை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் வரும் காற்றைக் கணக்குப் பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள ஒரு மூளை இருக்கிறது. அதனால் மைலேஜ் பெரிதாக அடிவாங்காது, இழுவை மட்டும் குறையும். எங்கள் லோடிங் பையன் அப்படி ஒரு வண்டி வைத்துக்கொண்டு, "எனக்கு மைலேஜ் கரெக்டா இருக்கு, ஃபில்டர் நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு வருஷம் ஓட்டினான்.

அன்று ஞாயிறு, ஸ்பேர்ஸ் கடை பூட்டு. கையில் இருக்கிறதையே சுத்தம் செய்வோம் என்று ஃபில்டரை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய் ஏர் அடித்தேன். செந்தூசி மேகம் மாதிரி பறந்தது. பார்க்க ரொம்பத் திருப்தியாக இருந்தது. மாட்டி ஓட்டினால் வண்டி சிட்டாய்ப் பறந்தது. திங்கட்கிழமை சேம்பரில் எல்லாரிடமும் சொன்னேன்.

சொன்ன இடத்தில் எங்கள் லாரிகளைப் பார்க்கிற வயதான மெக்கானிக் அண்ணாச்சியும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஃபில்டர் காகிதம் தொட்டா பிசுபிசுன்னு இருந்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பம் அது எண்ணெய் ஊறின காகிதம் மக்கா. தூசியப் புடிச்சு வச்சுக்கிடதே அந்த எண்ணெதான். நீ காத்தடிச்சா தூசியும் போவும், எண்ணெயும் சேந்துல்லா போவும். பஞ்சர் கடை காத்துக்கு இருக்க வேகத்துல காகிதம் எங்கயாது கீறியும் இருக்கும். சடக்குனு வண்டி பறந்துதுன்னா, கதவே தொறந்து கெடக்குன்னு அர்த்தம்."

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏர் ஃபில்டரில் மூன்று சாதி உண்டு. உலர்ந்த காகிதம் ஒன்று. அதை லேசாகத் தட்டலாம், குறைந்த அழுத்தத்தில் காற்றும் அடிக்கலாம், ஆனால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குத்தான் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும். இரண்டாவது, என்னுடையது மாதிரி எண்ணெய் ஊறியது. கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, நேரம் வந்தால் மாற்றுவது மட்டும்தான். மூன்றாவது ஸ்பாஞ்சு. அதை மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ கழுவி, துணி பிழிகிற மாதிரி முறுக்காமல் உள்ளங்கைக்குள் அழுத்திப் பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, புத்தகத்தில் சொன்ன எண்ணெயில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து திரும்பப் போடலாம். எண்ணெய் போடாத ஸ்பாஞ்சு கொசுவலை மாதிரி. பெரிய பூச்சியைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது.

மறுநாள் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் புது ஃபில்டர் கேட்டேன். இரண்டு எடுத்து வைத்தார்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் பையன். நல்லவேளை பழையதைப் பையில் கொண்டுபோயிருந்தேன். மூன்றையும் கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்து மடிப்புகளை எண்ணினேன். மலிவானதில் பழையதைவிட ஏறக்குறைய கால்வாசி மடிப்பு குறைவு. மடிப்பு குறைந்தால் விரித்துப் பார்த்தால் காகிதம் குறைவு, அவ்வளவு சீக்கிரம் அடைக்கும். அதைவிட முக்கியம் ஓரத்து ரப்பர். நல்லதில் விரலால் அழுத்தினால் அமுங்கி மெதுவாக மேலே வந்தது. மலிவானதில் செருப்பு அடி மாதிரி கெட்டி. அமுங்காத ரப்பர் பெட்டியோடு ஒட்டி உட்காராது. விலை கூடியதையே வாங்கினேன். பழைய ஃபில்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது வெட்கம் இல்லை. புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கப் போகிறவர்கள் புடவையைக் கொண்டுபோவதில்லையா.

இந்த முறை எல்லாம் முறையாகச் செய்தேன். என்ஜின் ஆறியிருந்தது. கழற்றும் முன் போனில் நான்கு படம். ஸ்க்ரூக்களைப் போட ஒரு தேங்காய்ச் சிரட்டை. ஐந்தில் ஒன்று மட்டும் நீளம் கூடியது என்று போன முறை மாட்டும்போதுதான் தெரிந்தது. அதனால் மகள் ஒரு அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, எந்த மூலையில் எந்த ஸ்க்ரூ என்று அதிலேயே குத்தி வைத்தாள். சிரட்டையைவிட அதுதான் நல்ல யோசனை. ஆனாலும் சிரட்டையை விட மனம் இல்லாமல் சைடு கவர் ஸ்க்ரூவை அதில் போட்டுக்கொண்டேன்.

பழைய ஃபில்டரை எடுத்ததும் உள்ளே என்ஜினுக்குப் போகும் குழாயின் வாய் தெரியும். அதில் உடனே ஒரு சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் துடைப்பது. துணியில் ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும், மறந்து மூடிவிடாமல் இருக்க. பெட்டியின் அடியில் சின்ன குழாய் ஒன்று தொங்கும், நுனியில் ஒரு மூடி. என்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் மழைத் தண்ணீரும் அங்கே சேரும். மூடியைக் கழற்றினேன், காப்பி நிறத்தில் இரண்டு ஸ்பூன் அளவு வடிந்தது. எட்டு வருஷத்தில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் சுத்தமான என்ஜின் ஆயில் நிறைய வந்தால், என்ஜினில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி.

அப்புறம்தான் வேட்டி விஷயம். குழாய் வாயில் அடைத்த துணியை எடுத்துவிட்டு, பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டை விரலில் சுற்றி, குழாயின் உள் சுவரைத் தடவினேன். அது ஃபில்டருக்கு அந்தப் பக்கம். வடிகட்டிய காற்று மட்டும் போகிற இடம். துணி வெள்ளையாகவே வர வேண்டும். சிவப்பாக வந்தது.

ஏர் அடித்துக் கெடுத்த ஃபில்டர் வழியாகப் போன தூசி என்றுதான் நினைத்தேன். துடைத்துவிட்டு, புதியதை வைத்து, மூடியைப் போட்டு ஸ்க்ரூ பிடித்தேன். பிளாஸ்டிக்குக்குள் ஸ்க்ரூவை மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்ற வேண்டும். பழைய புரியில் அது 'டிக்' என்று இறங்கும். அங்கிருந்து முறுக்கினால் புரி கெடாது. மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி முறுக்கு கையின் பலத்தில் அல்ல, விரலின் பலத்தில். சைடு கவரை அதன் காதுகள் ரப்பர் புஷ்ஷுக்கு நேராக இருக்கும்படி பிடித்துத் தட்டினால் உட்காரும். முதல் தடவை சாய்வாக இழுத்து ஒரு காதை உடைத்திருந்தேன். இன்றுவரை அந்த மூலை கடகடவென்று ஆடுகிறது.

வண்டியை ஸ்டார்ட் செய்தால், புதுப் பிரச்சினை. ஐடிலிங்கில் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடித்தது. புது ஃபில்டர் போட்டதும் வண்டி கெட்டுப்போனது என்று யாருக்குத்தான் தோன்றாது? பழையதையே திரும்பப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "மைலேஜ் இல்லன்னு சொன்னேல்லா, அந்த வொர்க்ஷாப்புல கார்புரேட்டர் ஸ்க்ரூவத் திருகிக் காத்தக் கூட்டி வச்சிருப்பானுவ. ஃபில்டர் அடைச்சுக் கெடந்தப்பம் அது தாக்காட்டிச்சு. இப்பம் காத்து ஒழுங்கா வருகு, அதான் கூடிப்போச்சு" என்றார். மறுநாள் சேம்பரில் வண்டியைச் சூடாக்கி, அந்தச் சின்ன ஸ்க்ரூவைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக் கேட்டு அரைச் சுற்று மாற்றினார். வெடிப்பு நின்றது. முதலில் ஃபில்டரைப் பார்க்காமல் கார்புரேட்டரைத் திருகுவது, மூக்கடைப்பு இருக்கிறவனுக்குக் கண்ணாடி பவரை மாற்றுவது மாதிரி.

ஒரு வாரம் கழித்து அளந்தேன். 55. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சிவப்புத் துணி மனதில் கிடந்தது. பத்தாம் நாள் மறுபடி திறந்து, வேட்டித் துண்டைச் சுற்றித் தடவினேன். மறுபடி சிவப்பு. முன்பைவிடக் குறைவு, ஆனால் சிவப்பு.

அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். ஃபில்டரின் ரப்பர் ஓரம் பெட்டியில் உட்காருகிற விளிம்பைச் சுற்றிலும் விரல் நுனியால் மெல்லிசாக, நூல் மாதிரி கிரீஸ் தடவு, மூடி, நான்கு நாள் ஓட்டி, திற. செய்தேன். திறந்தபோது விளிம்பைச் சுற்றி கிரீஸ் சுத்தமாக இருந்தது, கீழ் மூலையில் மட்டும் இரண்டு விரல்கடை நீளத்துக்கு, வெளியிலிருந்து உள்ளே போகும் எறும்பு வரிசை மாதிரி சிவப்புக் கோடு. அந்த இடத்தில் பெட்டியின் பள்ளத்துக்குள் பழைய ரப்பர் துணுக்கு ஒன்று காய்ந்து ஒட்டிக் கிடந்தது. எப்போதோ, எந்த சர்வீஸிலோ ஃபில்டரைச் சரியாக உட்காரவைக்காமல் மூடி, ரப்பர் நசுங்கிப் பிய்ந்து அங்கேயே தங்கிவிட்டது. அதன் மேல்தான் நானும் புது ஃபில்டரை வைத்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது, ஒரு அரிசி அளவுதான் இருக்கும். அது இருந்தவரை எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அந்த மூலை வழியாகத் தூசி நேராக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். காகிதத்தில் ஒட்டாத தூசி பிஸ்டன் ரிங்கில் உப்புத்தாள் மாதிரி உரசும். பிறகு புகை, ஆயில் குறைவு, என்ஜின் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு.

இப்போது நான் ஃபில்டர் மாற்றுகிறேன் என்றால் அதில் முக்கால் நேரம் அந்தப் பள்ளத்தைச் சுற்றி விரலை ஓட்டுவதுதான். ஃபில்டர் வைப்பது கடைசி ஒரு நிமிஷம். வைத்த பிறகு நான்கு மூலையையும் அழுத்தி, மூடியை வைக்கும் முன் டார்ச் அடித்து ரப்பர் எங்கும் மடங்கவில்லை என்று பார்க்கிறேன். மூடி தானாக உட்கார வேண்டும். ஸ்க்ரூ போட்டு இழுத்துத்தான் உட்காருகிறது என்றால் உள்ளே ஏதோ கோணல்.

குலசேகரத்தில் அக்கா வீடு. அத்தான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், விடியும் முன் தோட்டத்துக்கு வண்டியில் போய்விடுவார். கார்த்திகையில் போனபோது, "மாப்ளே, நீ இப்பம் பெரிய மெக்கானிக்காமே, என் வண்டியயும் ஒண்ணு பாரு" என்றார். நம் ஊர்த் தூசியை நினைத்துக்கொண்டு பிரஷ், துணி, அட்டை எல்லாம் எடுத்து வைத்துத் திறந்தேன். தூசியே இல்லை. அந்தப் பக்கம் மண் பறக்க எங்கே நேரம், இரண்டு பருவமழையும் மாறி மாறி நனைக்கிற ஊர். ஆனால் பெட்டிக்குக் காற்று நுழையும் வாயில் பாதியைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. உள்ளே ஸ்பாஞ்சு ஃபில்டர், ஈரத்தில் பூசணம் பிடித்து, கையில் எடுத்ததும் புட்டு மாதிரி உதிர்ந்தது. பெட்டியின் அடியில் தேங்காய்க் கதம்பை நார், ரப்பர் இலைச் சருகு. எலி ஒன்று மெத்தை போட்டு வைத்திருந்தது.

"இது எத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்?" என்றார் அத்தான். என்ன சொல்வது? அவர் வண்டி வருஷத்துக்கு நாலாயிரம்கூட ஓடாது. கிலோமீட்டரைப் பார்த்தால் இன்னும் பல வருஷம் மாற்ற வேண்டாம். ஸ்பாஞ்சோ உதிர்ந்து பாதி என்ஜினுக்குள் போய்விட்டது. தக்கலைக்குப் போய்ப் புது ஸ்பாஞ்சு வாங்கிவந்து போட்டோம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அந்த அடிக் குழாயைத் திறந்து விடச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். சப்பாத்து என்கிற தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது இறக்கி, வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஃபில்டர் பெட்டி தண்ணீர் குடித்திருந்தால் அடுத்த இழுப்பில் அது சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து வடித்து, பிளக்கைக் கழற்றிக் கிக்கரை நாலு மிதி மிதித்து, அப்புறம்தான் ஸ்டார்ட். அத்தான் தலையாட்டினார். கேட்பாரா என்பது வேறு.

ஒரே மாவட்டம். ஆரல்வாய்மொழியில் ஃபில்டர் தூசியில் சாகிறது, குலசேகரத்தில் ஈரத்தில் சாகிறது. நடுவில் நான் 16,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது அந்த எண்ணை விட்டுவிட்டேன். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து ரோட்டில் வைக்கோல் தூசி ஓய்ந்ததும் பங்குனியில் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். ஆடிக் காற்றின் வேகம் குறைந்ததும் ஆவணியில் ஒருமுறை. ஆவணியில் பெரும்பாலும் மாற்றிவிடுவேன். வேட்டித் துண்டு வெள்ளையாக வருகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. மைலேஜ் இப்போது 57, 58 என்று நிற்கிறது.

போன ஆவணியில் கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், புதியது ஒன்றின் பக்கத்தில் வைத்து ஆபீஸ் மேஜையில் வைத்திருந்தேன். சும்மா, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. லோடிங் பையன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வடசேரி வீட்டு முற்றத்தில் அவனையும் சேர்த்து நான்கு வண்டி. மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றாள்.

"அம்மா, இன்னும் மூணு சிரட்டை வேணும்."